காதுக்கு எட்டாத ஆங்கிலம்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கும், ஆங்கிலப் பாடநூல் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. புதிய திட்டம், புதிய செயலி, பெரிய நிதி ஒதுக்கீடு என்று எதையும் கேட்டு இம்மடலை எழுதவில்லை. ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசியை ஆங்கில வகுப்பில் ஒலிக்கருவியாகப் பயன்படுத்த எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும்; அதில் ஒலிப்பதற்குப் பாடநூலின் ஒலிப்பதிவு வேண்டும்; கேட்பதற்கும் பேசுவதற்கும் மதிப்பெண்ணில் சிறிது இடம் வேண்டும். வேண்டுகோள் இவ்வளவுதான். இம்மூன்றும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது என்பதை விளக்கவே மடல் நீள்கிறது; பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் பாடநூலைப் புரட்டிப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தான். இது எங்கள் பிள்ளைகளின் வழிவழி வழக்கம். அவன் வயதில் நானும் அப்படி எழுதியவள்தான். பன்றியைக் குறிக்கும் சொல்லுக்கு மேலே 'பிக்' என்று இருந்தது. நான்கு வரி தள்ளிப் பெரியது என்று பொருள்படும் சொல்லுக்கு மேலேயும் 'பிக்' என்றே இருந்தது. அவனைத் திருத்தலாம் என்று பென்சிலை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் நானும் அதையேதான் எழுத முடியும் என்பது உறைத்தது. இந்த மடலிலும் அந்த இரண்டு சொற்களையும் வேறுபடுத்தி எழுத எனக்கு வழியில்லை.

குறை தமிழ் எழுத்தில் இல்லை. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் இரண்டாம் பகரமும் இருவேறு ஒலிகள். சொல்லுக்கு முதலில் வந்தால் ஒரு மாதிரியும், மெல்லினத்தை அடுத்து வந்தால் வேறு மாதிரியும் ஒலிக்க வேண்டும் என்பது தமிழ் பேசும் நாக்குக்குத் தானாகவே தெரியும். அதனால் இரண்டுக்கும் ஓர் எழுத்தே போதும் என்று தமிழ் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்திலோ அந்த இரண்டு ஒலிகளும் இருவேறு எழுத்துகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் பன்றி பெரியதாகிவிடும். 'ஸ்கூல்' என்பது எங்கள் ஊரில் 'இஸ்கூலு' ஆவதும் இப்படித்தான். சொல்லின் முதலில் தனி மெய் நிற்காது என்பது தமிழ் இலக்கண விதி. அதனால் முன்னால் ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது என்பது இன்னொரு விதி. அதனால் 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது. இந்தப் பிள்ளைகள் செய்வதெல்லாம் கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல. நன்னூலைப் படிக்காமலே நன்னூலுக்கு அடங்கிப் பேசுகிறார்கள். மாறாக, குறிலும் நெடிலும் பழகிய காது என்பதால், கப்பலுக்கும் செம்மறியாட்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை ஒரே நாளில் பிரித்துக்கொள்கிறார்கள். எங்கே தமிழ் துணைக்கு வருகிறது, எங்கே குறுக்கே நிற்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைக் காதுதான் செய்ய வேண்டும். கரும்பலகையும் சாக்கட்டியும் எவ்வளவு தேய்ந்தாலும் அதைச் செய்ய முடியாது.

ஆனால் அந்தக் காதுக்கு எட்டுவது என்ன? திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டிய எங்கள் ஊரில், ஒரு பிள்ளை நேரில் கேட்கக்கூடிய ஒரே ஆங்கிலம் என்னுடையது. என் ஆங்கிலமோ காகிதத்திலிருந்து கற்றது. காய்கறியைக் குறிக்கும் சொல்லை அதன் பிற்பாதியில் ஒரு மேசை இருப்பதுபோல 'வெஜி-டேபிள்' என்றே பணியில் சேர்ந்த நாள் முதல் சொல்லிக் கொடுத்து வந்தேன். ஒரு நாள் அகராதிச் செயலியில் அச்சொல்லை ஒலிக்கவிட்டபோது, 'வெஜ்டபிள்' என்று இரண்டு வினாடியில் முடித்துக்கொண்டது. வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பிறகு முதல் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி, "போன் தப்பாச் சொல்லுது டீச்சர்" என்றாள். அந்த விசுவாசத்துக்கு முன்னால் நான் எவ்வளவு கூனிக் குறுகினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஏராளம். எங்களுக்குப் பயிற்சி தரப்படவில்லை என்பதல்ல. குறுவள மையத்திலும் வட்டார வள மையத்திலும் நடக்கும் பயிற்சிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் பற்றிக் கேட்கிறோம், பெரும்பாலும் தமிழில். ஆங்கிலத்தைக் கேட்பது குறைவு.

1968 முதல் இருமொழிக் கொள்கை என்று பெருமையோடு சொல்லி வருகிறோம். அந்த இரண்டில் ஒன்று ஆங்கிலம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. இரண்டே மொழிகள் போதும் என்று முடிவெடுத்த மாநிலத்தில், அவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் கண்ணால் மட்டுமே கற்பது எவ்வகையில் பொருந்தும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனிக் கைப்பேசிக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, எங்கள் வகுப்புகள் 2021 நவம்பர் வரை திறக்கவில்லை. அந்தக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம் இருந்தாலும், பிள்ளைகளோடு எங்களுக்கிருந்த ஒரே தொடர்பு கைப்பேசிதான். பள்ளி திறந்ததும் அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டோம். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தத் தடையை நீக்குமாறு நான் கேட்கவும் இல்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்விநிலையை ஆராயும் ஏசர் அறிக்கையில் 2024ஆம் ஆண்டுக்குரியதைப் பாருங்கள்: இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் 82.2 விழுக்காட்டினருக்குத் திறன்பேசியை இயக்கத் தெரிந்திருக்கிறது. அவர்களில், ஆய்வுக்கு முந்தைய ஒரு வாரத்தில் கல்வி தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. வீட்டில் பழகும் கருவியைப் படிப்புக்கும் ஆகும் கருவி என்று காட்டிக்கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். அவரோ வகுப்பறையில் அதைப் பையிலிருந்து எடுக்கவே அஞ்சுகிறார்.

அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கதையின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே, "கிளாஸ்ல என்னம்மா செல்போன்?" என்றார். விளக்கினேன். "எதுக்கா இருந்தாலும் பார்க்கிறவங்க தப்பாத்தான் நினைப்பாங்க" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. வகுப்பில் கைப்பேசியோடு நிற்கும் ஆசிரியரை யாராவது சன்னல் வழியாகப் படம்பிடித்து ஊருக்குள் பரப்பினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருகைப் பதிவுக்கும் மதிப்பீட்டுப் பதிவேற்றத்துக்கும் அதே கைப்பேசியை எடுக்கும்போது யாரும் தவறாக நினைப்பதில்லை. ஏனென்றால் அதற்கு ஆணை இருக்கிறது. பாடம் நடத்துவதற்கும் அப்படி ஓர் ஆணை இருந்தால் போதும். ஆங்கிலப் பாடவேளையில் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யவும் மாணவர் பேச்சைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக்காட்டவும் ஆசிரியர் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்ற இரண்டு வரிச் சுற்றறிக்கையைத் தலைமை ஆசிரியரின் அறையில் ஒட்டி வைத்துவிட்டு நிம்மதியாக வகுப்புக்குப் போவோம்.

என் வகுப்பில் நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கரும்பலகையின் இடப்பக்கம் ஒரு பன்றியை வரைந்தேன். வலப்பக்கம் ஒரு பெரிய வட்டம். முதலில் எல்லாரையும் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பன்றிக்குரிய சொல்லை ஆங்கிலேயர் சொல்வதுபோலச் சொன்னால் உள்ளங்கையில் காற்று அடிக்கும், மற்றதற்கு அடிக்காது. பிறகு ஒவ்வொருவராக வந்து, இரண்டில் எதைச் சொல்லப் போகிறோம் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் தந்துவிட்டு, என் கைப்பேசியில் அந்தச் சொல்லைப் பதிவு செய்ய வேண்டும். பதிவை ஒலிக்கவிட்டதும் வகுப்பே கை நீட்டிப் படத்தைக் காட்டும். ஒரு பையன் பன்றி என்று சீட்டு எழுதினான். வகுப்பு வட்டத்தைக் காட்டியது. "நான் பன்னிதான் டீச்சர் சொன்னேன்" என்று அவன் சாதித்தான். வகுப்பும் விடவில்லை. சரி, நீயே கேள் என்று மறுபடி ஒலிக்கவிட்டேன். கேட்டான். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் போடச் சொன்னான். கடைசியில் அவனுடைய கையும் வட்டத்தின் பக்கமே போனது.

பத்து முறை நான் திருத்தியிருந்தாலும் நடக்காதது அது. பேசும்போது நம் காதில் விழுவது நாம் சொல்ல நினைத்த சொல். பதிவைக் கேட்கும்போதுதான் சொன்ன சொல் விழுகிறது. மொழிப் பாடத்தில் கைப்பேசியின் முதன்மையான பயன் இதுதான் என்பது என் துணிபு. காணொளி, விளையாட்டு, வண்ணப்படம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அதற்குத் தேவையான பதிவுக் கருவி எல்லாக் கைப்பேசியிலும் காசில்லாமல் இருக்கிறது. எங்கள் வகுப்புகளுக்கு இடையே பாதிச் சுவர்தான். பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தம் பதிவிலும் ஏறிவிடும். அதனால் நான்கு நான்கு பேராகப் புங்க மரத்தடிக்கு அனுப்புகிறேன். முதல் நாள் தம் குரலைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாம் நாளும் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் சொல்லைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஒரு நாடு நமக்கு அருகிலேயே இருக்கிறது. வங்கதேசத்தில், பிரிட்டன் அரசின் நிதியுதவியோடு 'இங்கிலீஷ் இன் ஆக்‌ஷன்' என்ற திட்டம் 2008 முதல் 2017 வரை நடந்தது. தொடக்கத்தில் ஐபாட் கருவிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு விரிவுபடுத்தும்போது விலை குறைந்த நோக்கியா கைப்பேசிக்கு மாறினார்கள். அதன் மெமரி கார்டில் அந்நாட்டுப் பாடநூலையொட்டிய ஒலிப்பதிவுகளும், அந்நாட்டு ஆசிரியர்களே சாதாரண வகுப்பறைகளில் பாடம் நடத்தும் காணொளிகளும் ஏற்றப்பட்டிருந்தன. கூடவே மின்னேற்றிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று. இணையம் தேவைப்படவில்லை. 'சட்டைப் பைக்குள் ஒரு பயிற்றுநர்' என்று அதைச் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கு ஒருவரை மட்டும் சேர்க்காமல் இருவரைச் சேர்த்ததும் நல்ல யோசனை. திரும்பி வந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஆள் இருக்குமல்லவா! அதே திட்டத்தின் இன்னொரு கிளையாக, பொதுமக்களுக்கென 2009 நவம்பரில் பி.பி.சி. 'ஜானாலா' என்ற சேவையைத் தொடங்கியது. சாதாரணக் கைப்பேசியிலிருந்து 3000 என்ற எண்ணை அழைத்தால், குறைந்த கட்டணத்தில் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலிக்கும். வங்க மொழியில் ஜானாலா என்றால் நம் சன்னல்தான். இரண்டு மொழிகளுமே போர்த்துக்கீசியரிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல்.

இத்திட்டத்தில் நான் வியப்பது தொழில்நுட்பத்தை அல்ல. கருவியை ஆசிரியர் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்தது அவர் அன்று நடத்த வேண்டிய பாடத்துக்கான ஒலி. இங்கே நம் நிலை என்ன? பாடநூலில் கியூஆர் குறியீடு அச்சிட்டதில் நாம் முன்னோடி மாநிலம். 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே அது வந்துவிட்டது. ஆனால் அந்தக் குறியீட்டைத் திறக்க இணையம் வேண்டும். திறந்தால் வருபவை பெரும்பாலும் காணொளிகள். எங்கள் பள்ளியில் இணையச் சிக்னல் கிடைக்கும் இடம் சத்துணவுக் கூடத்தின் பின்புறம். முப்பது பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் ஒரு கைப்பேசித் திரையைக் காட்ட முடியாது. சாம்பார் வாசனையோடு போட்டியிடவும் முடியாது. பாடநூல்களில் கேட்டல் பயிற்சி இருக்கத்தான் செய்கிறது. பல பள்ளிகளில் அதை ஆசிரியரே வாசித்துக் காட்டுகிறார். அதாவது, என் 'வெஜி-டேபிளை'யே பிள்ளைகள் மறுபடியும் கேட்கிறார்கள்.

ஆகவே பாடநூலிலுள்ள ஒவ்வோர் உரைநடையையும் கவிதையையும் கேட்டல் பகுதியையும் தெளிவான இந்தியக் குரல்களில், ஆண் பெண் இருபாலர் குரலிலும், ஒரு முறை இயல்பான வேகத்திலும் ஒரு முறை நிறுத்தி நிறுத்தியும் பதிவு செய்து ஒலிக்கோப்புகளாகத் தாருங்கள். லண்டன் குரல் வேண்டாம். தெளிவான குரல் போதும். மூன்று நிமிட ஒலிக்கோப்பு ஒன்றரை எம்.பி. அளவுக்குள் அடங்கும், ஒரு மணி நேர ஒலியே 30 எம்.பி.தான். காலை வணக்கம் சொல்லும் காணொளிகள் அதைவிடக் கனமானவை. கோப்புகளை வட்டார வள மையத்தின் கணினியில் வைத்துவிட்டால், மாதக் கூட்டத்துக்கு வரும்போது நாங்களே மெமரி கார்டில் ஏற்றிக்கொள்வோம். பெற்றோரிடம் இருக்கும் பட்டன் போனிலும் அந்தக் கார்டு வேலை செய்யும். எங்கள் கடைத்தெருவில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை இன்னும் இருக்கிறது. இளையராஜா பாட்டுகளுக்கு நடுவே ஏழாம் வகுப்பு ஆங்கிலக் கவிதை இரண்டும் ஏறினால் யாருக்கும் நட்டமில்லை. தொடக்கநிலை ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கையடக்கக் கணினிகள் வழங்கியிருக்கிறீர்கள். அவற்றில் இந்தக் கோப்புகளை முன்கூட்டியே ஏற்றித் தருவது எளிது.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கூகுள் 2019இல் 'போலோ' என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி, பிள்ளை கதையை வாய்விட்டுப் படிக்கும்போது கேட்டுத் தடுமாறும் சொல்லைச் சுட்டிக்காட்டும். கதைகளை இறக்கிவைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நான் பயன்படுத்துகிறேன், நல்லது. ஆனால் அதிலுள்ள கதைகள் எங்கள் பாடநூல் கதைகள் அல்ல. செயற்கை நுண்ணறிவோடு பேசிப் பழகலாமே என்கிறார்கள். பழகட்டும், அதற்கு முன் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும்.

வாயைத் திறப்பது என்பது சிறிய செய்தி அன்று. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எழுந்து நின்றால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்ப்பாள். ஆண்டு முழுதும் அவளிடமிருந்து நான் கேட்ட ஆங்கிலம் 'யெஸ் டீச்சர்' மட்டுமே. விருப்பமுள்ளவர்கள் தங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தேன். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் வேலைக்குப் போன அவளுடைய அம்மா கைப்பேசியோடு திரும்புவதே இரவு ஏழு மணிக்குத்தான். எட்டே முக்காலுக்கு ஒரு பதிவு வந்தது. நாற்பது வினாடி. பின்னணியில் ஆடு கத்துகிறது, யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள்; நடுவே கிசுகிசுத்த குரலில், ஆனால் ஒரு சொல்கூட விடாமல், ஐந்து வாக்கியங்கள். திங்களன்று நன்றாக இருந்தது என்று சொன்னேன். "பதினோரு தடவை பேசிப் பேசி அழிச்சேன் டீச்சர்" என்றாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் நான் வாயே திறக்காமல் முப்பது பேருக்கும் சமமாக நேரம் பங்கிட்டாலும், ஒருவருக்கு ஒரு நிமிடம் இருபது வினாடிதான் கிடைக்கும். அன்றிரவு அவள் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆங்கிலம் பேசியிருக்கிறாள், யாரும் சிரிக்காத இடத்தில், அழிக்கும் உரிமையோடு. எனக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பதிவு. பயிற்சியாக அமைந்தவை அழிந்துபோன பதினொன்றும்.

ஆனாலும் இதைக் கட்டாய வீட்டுப்பாடமாக ஆக்கிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அதே வகுப்பில் ஒரு பையனின் வீட்டிலிருக்கும் ஒரே திறன்பேசி, கட்டட வேலைக்குப் போகும் அவனுடைய அப்பாவோடு பெங்களூரு போய்விடும்; பொங்கலுக்கும் தேர்த் திருவிழாவுக்கும்தான் திரும்பும். அண்ணன்மார் இருக்கும் வீடுகளில் தங்கையின் கைக்குக் கைப்பேசி வருவதே அரிது. வீட்டில் கைப்பேசி இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் மதிப்பெண் குறையுமானால், இந்தத் திட்டமே வேண்டாம் என்று சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன். மதிப்பீட்டுக்குரிய பதிவு பள்ளி வளாகத்தில், ஆசிரியரின் கருவியில் மட்டுமே நடக்க வேண்டும். வீட்டிலிருந்து வருவது உபரி.

ஆசிரியரின் சொந்த எண்ணும் இதில் அடிபடக் கூடாது. வகுப்புக்கென ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிய நாளிலிருந்து, பெண் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இரவு பத்து மணிக்கும் அழைப்புகள் வருகின்றன. சில அழைப்புகளில் பிள்ளையின் படிப்பைப் பற்றிய பேச்சே இருப்பதில்லை. இதைக் குறுவள மையக் கூட்டங்களில் எழுந்து சொல்ல யாரும் விரும்புவதில்லை. தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்கிறோம். பள்ளியின் பெயரில் ஒரு சிம் அட்டை, மாலை ஐந்து மணிக்குப் பின் அணைத்து வைக்கும் உரிமையோடு, இருந்தால் இந்தத் தொல்லை ஓயும். பிள்ளைகளின் குரலும் அவர்களுடைய தனிப்பட்ட தகவலே. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் வாங்குவது, பருவம் முடிந்ததும் பதிவுகளை அழிப்பது, எந்தப் பதிவையும் நிலைத்தகவலிலோ துறையின் விளம்பரத்திலோ போடாதிருப்பது ஆகியவற்றையும் அந்தச் சுற்றறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் கசக்கும். நன்றாகப் பேசும் பிள்ளையைப் பார்த்தால் காணொளி எடுக்கத் தோன்றுவது எங்களுக்கும் உள்ள பழக்கம்தான்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு முழுக்க முழுக்க எழுத்துத் தேர்வு. ஒரு சொல்லும் பேசாமல், ஒரு சொல்லும் கேட்காமல் 100 மதிப்பெண் வாங்கலாம். அதை இப்போதே மாற்றுங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. பொதுத் தேர்வில் கை வைத்தால் எத்தனை பேர் பதறுவார்கள் என்பது தெரியும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எங்களிடம் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தின் இடையே வகுப்பிலேயே செய்யும் மதிப்பீட்டுக்கு, 40 மதிப்பெண் இருக்கிறது. அதில் செயல்பாடுகளுக்கான பங்கு, நடைமுறையில் படம் வெட்டி ஒட்டிய அட்டைகளுக்கும் வீட்டில் அக்கா வரைந்து கொடுத்த ஓவியத்துக்கும் போகிறது. அந்தப் பங்கில் ஒரு பகுதியை, பத்து மதிப்பெண் என்றாலும் போதும், கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்கி, ஆங்கிலப் பாடத்தில் அது கட்டாயம் என்று அறிவித்தால், பிறவெல்லாம் தாமாகவே நடக்கும். எங்களூரில் மதிப்பெண் இல்லாத எதையும் பெற்றோர் கேட்பதில்லை. பெற்றோர் கேட்காத எதையும் நாங்கள் நடத்துவதில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இருந்தாலும் மறைக்க வேண்டியதில்லை. மதிப்பிடும்போது ஆங்கிலேய உச்சரிப்பை எதிர்பார்க்க வேண்டாம். கேட்பவருக்குப் பொருள் மாறாமல் போய்ச் சேருகிறதா என்பதை மட்டும் பார்க்கும் எளிய அளவுகோல் ஒன்றை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வகுத்துத் தர வேண்டும்.

மதிப்பெண்ணைச் செயலியில் உள்ளிடச் சொல்லுங்கள், செய்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் பதிவேற்றச் சொல்லாதீர்கள். பதிவேற்றம் என்ற சொல் வந்த நாளிலேயே மரத்தடிப் பேச்சு நின்றுபோய், இணையம் கிடைக்கும் இடத்துக்குக் கைப்பேசியோடு அலையும் வேலை தொடங்கிவிடும்.

எங்கள் ஒன்றியத்தில் மூன்று ஆங்கில ஆசிரியைகள் சேர்ந்து, ஏழாம் வகுப்பு முதல் பருவப் பாடநூலைச் சென்ற கோடை விடுமுறையில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒருவர் வீட்டின் உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலுக்குப் போர்வை மாட்டி, மே மாத வெயிலில் வியர்க்க வியர்க்கச் செய்தது. சந்தேகமான சொற்களை அகராதியில் கேட்டுக் கேட்டுத் திருத்தினோம். அப்படியும் தவறுகள் இருக்கலாம். இரண்டாம் பாடத்தில் ஒரு இடத்தில் சேவல் கூவுவதும் கேட்கும். துறையின் ஒலிப்பதிவு வரும்வரை இதைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டத்தில் மெமரி கார்டில் ஏற்றித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதை வகுப்பில் ஒலிக்கவிடுவதற்கான அனுமதி மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டியிருக்கிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் வந்தால் நன்று.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.